பொய்க் கதவு

ஊரில் அவரை ‘செட்டிங்ஸ் அக்கா’ என்பார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. யாராவது பெயரைக் கேட்டால், எதுக்குக் கேக்குதீங்க, கேட்டு எங்க எழுதி வைப்பீங்க என்று திருப்பிக் கேட்கிற ஆள். கூரியர்க்காரனிடமும் அப்படித்தான். சங்கரன்கோவிலில் பெயரைச் சொல்லாமல் பார்சல் வாங்கியது அவர் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி. காட்டன் சுடிதாரும் ஆம்பளை வாட்சும் போட்டிருப்பார். கொண்டையில் குறுக்காக ஒரு டெஸ்டரைச் செருகியிருப்பார். சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர், திடீரென்று ஊருக்குத் திரும்பி, திருவேங்கடம் ரோட்டில் சின்னதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். தனியாக இருக்கிற பெண் என்றால் ஊர் சும்மா விடுமா? கம்பெனியில் விரட்டிவிட்டார்கள் என்றார்கள். புருஷன் விரட்டிவிட்டான் என்றார்கள். அடுத்தவர் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வழியாக எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டவள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. எல்லாவற்றையும் நான் பாதி பாதி நம்பினேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் என் கணவரின் ஆசை. அவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் வீடு கட்டி முடித்தபோது, ஃபோனிலேயே நடக்கிற வீடாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வாசல் பூட்டு மஸ்கட்டிலிருந்து வந்தது. மோட்டார் சுவிட்ச் கோயம்புத்தூர். பல்புகளும் ஃபேனும் ஆன்லைனில் வாங்கியவை. கீசருக்கு ஒரு பிளக்கை யாரோ ஒரு நண்பர் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப். ஹாலில் லைட்டைப் போட ஃபோனை எடுத்தால் அது அப்டேட் கேட்கும். அதற்குள் நான் இருட்டில் தடவிப் போய்ச் சுவரில் இருக்கும் சுவிட்சையே போட்டுவிடுவேன். கேமரா மட்டும் வைக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். நைட்டியோடு நடமாடுகிற வீட்டில் கேமரா எதற்கு. கேமரா இல்லை என்றதும் நம்மை யாரும் பார்க்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

இந்த எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தர ஆள் தேடியபோது, அக்காவைக் கூப்பிடலாம் என்று சொன்னது என் கணவரின் அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ரதவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தம்பி ஊரில் இல்லாதபோது ஆம்பளை ஆட்கள் வீட்டுக்கு வந்து போவது சரிப்படாது, இது பொம்பளை, பிரச்சினை இல்லை என்பது அவர் கணக்கு.

முதல் நாள் அக்காவுக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட்டாயிற்று என்றேன். தலையாட்டவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆமா, போட்டிருக்கு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பொய்யா சொல்வேன்? பிறகு புரிந்தது, அது என்னைப் பற்றிய சந்தேகம் இல்லை, அவருடைய சுபாவமே அதுதான். பஸ் போய்விட்டது என்று ஆட்டோக்காரர் சொன்னால் ஸ்டாண்டுக்கே போய்ப் பார்ப்பார். கரண்ட் இல்லை என்றால் எந்த வீட்டில் இல்லை என்று கேட்பார். யாராவது எதையாவது சொன்னால் போதும், அவர் வாயில் இருந்து அந்தக் கேள்வி வந்துவிடும்.

“அது சொல்லுச்சா, நீங்க பாத்தீங்களா?”

மோட்டார் விஷயத்தில்தான் அந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் முனிசிபல் தண்ணீர் வரும் நாள் திருவிழா மாதிரி. அன்றைக்குப் பார்த்து நான் வெளியே இருந்தேன். என் கணவர் மஸ்கட்டில் இருந்தபடியே மோட்டாரைப் போட்டார். ஓடுகிறது என்று ஆப் பச்சை காட்டியது. திரும்பி வந்து பார்த்தால் மேல் டேங்க்கில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடவே இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஃபோனைப் பார்க்கக்கூட இல்லை, நேரே போய் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அந்த ஆப், தான் உத்தரவு போட்டதையே நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது என்றார். உத்தரவு வேறு, நடப்பு வேறு, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தவன் அரைகுறை என்று திட்டினார். அதன் பிறகு குழாயில் தண்ணீர் ஓடுவதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கருவியை மாட்டி, அது சொன்னால்தான் பச்சை காட்டும்படி மாற்றினார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி வைத்தார். டிபன்பாக்ஸ் அளவுதான் இருக்கும். பின்வாசல் கதவிலும், அது திறப்பதையும் மூடுவதையும் சொல்ல ஒரு சின்னக் கருவியை ஒட்டினார். பூட்டு, மோட்டார், பல்பு எதுவும் ஒன்றோடொன்று நேராகப் பேசாது. எல்லாம் அந்த நடுப்பெட்டியிடம் சொல்லும். அது விசாரித்து மற்றதிடம் சொல்லும். ஏன் இந்தச் சுற்று என்று கேட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசுகிறது, ஒரு கம்பெனி சாமானுக்கு இன்னொரு கம்பெனி சாமானைப் பிடிக்காது, நேராகப் பேச விட்டால் சம்பந்தி சண்டைதான் நடக்கும் என்றார். நடுவில் ஒரு ஆள் இருந்தால் ஒரு சாமானைக் கழற்றி வேறு மாட்டினாலும் மற்றதுக்குத் தெரியாது. வாசல் பூட்டே மாறினாலும் ஹால் லைட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. நடுவில் இருக்கிறவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

“அப்போ நடுவுல இருக்கவன் கள்ளனா இருந்தா?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வயரை உரிக்கத் தொடங்கினார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியை ஆரம்பித்து வைத்த அன்றும் ஒரு சின்ன விஷயம் நடந்தது. என் கணவர் லீவில் வந்திருந்தார். பெட்டிக்கு ஓனர் என்று ஒரு ஃபோன் நம்பர் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் ஓடிபி வரும். என் கணவர் யோசிக்காமல் பெரியத்தான் நம்பரைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். கேஸ், கரண்ட், ரேஷன் எல்லாம் பெரியத்தான் நம்பர்தான். அவருடைய கடை ஃபோனுக்கு ஓடிபி வரும், கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வோம். என் கணவரின் ஊர் சிம் அவர் மஸ்கட் போனதும் செத்துவிடும். என் நம்பரைக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. அக்கா மட்டும், “யாரு நம்பரு?” என்று மறுபடி கேட்டார். அண்ணன் நம்பர் என்றார் என் கணவர். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். என் கழுத்துச் செயினைப் பார்க்கிறார் என்று நினைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் நம்பரைத் தட்டினார்.

வேலை முடிந்த பிறகும் அவர் மாசத்துக்கு ஒரு தடவை வந்து போவார். வந்ததும் ஃபோனை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஊரில் ஒரு டாக்டர் வீட்டில் பேசுகிற ஸ்பீக்கர் ஒன்று இருந்ததாம். அதன் பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு துண்டையும் போட்டு மூடிவிட்டுத்தான் டாக்டர் அம்மாவிடம் பேசினாராம். ஊரே சிரித்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அங்கே பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வருவார். ஒருநாள், எதையும் நம்பாதவங்க இதை மட்டும் எப்படி நம்புதீங்க என்று கிண்டலாகக் கேட்டேன். “அது எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

நான் அவரை உண்மையிலேயே சந்தேகப்பட ஆரம்பித்தது ஒரு மத்தியானம். பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். அக்கா ஃபோன் பண்ணினார். பின்வாசல் தொறந்து தொறந்து மூடுது, காத்தா ஆளா, போய்ப் பாருங்க என்றார். போய்ப் பார்த்தேன், காற்றுதான். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் உடம்பு ஒரு மாதிரி ஆனது. நான் அடுப்படியில் இருக்கிறேன், என் வீட்டுப் பின்வாசல் எத்தனை தடவை திறந்தது என்று திருவேங்கடம் ரோட்டில் இருக்கிற பெண்ணுக்குத் தெரிகிறது. கேமரா இல்லாத வீடு என்று நான் பீற்றிக்கொண்டதை நினைத்தேன்.

அந்த சமயத்தில் எனக்கு மறைக்க வேண்டிய ஒன்று இருந்தது. என் தங்கை. அவள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா தலைமுழுகிவிட்டார். என் மாமனார் வீட்டில் அவள் பெயரைச் சொல்லவே கூடாது. கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று எங்கள் சித்தப்பா மகன்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், அதுவும் பெரியத்தான் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு. இந்தப் பக்கத்தில் அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எல்லோரும் அவளைத் திருப்பூரில் இருப்பதாக நினைத்தார்கள். அவள் இருந்தது சிவகிரியில், மலையடிவாரப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில். வயிற்றில் பிள்ளை. எனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, சிவகிரி பஸ்ஸைப் பிடித்துப் போய், அவளைப் பார்த்துவிட்டு வேன் திரும்புவதற்குள் வந்துவிடுவேன். முறுக்கும் ரசப்பொடியும் பையில் இருக்கும். பயமும்தான்.

ஒருநாள் பெரியத்தான் தேங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை வீட்டில் ஆளில்லையோ என்று சாதாரணமாகக் கேட்டார். கோயிலுக்குப் போயிருந்தேன் என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“மூணு மணி வரைக்குமா கோயிலு தொறந்திருக்கு?”

நான் வீட்டுக்குள் நுழைந்தது மூன்று மணிக்குத்தான். அக்கம்பக்கத்தில் யாரும் மத்தியான வெயிலில் வாசலில் நிற்கிறவர்கள் இல்லை. கதவு திறந்த நேரம் தெரிந்த ஒரே ஆள் யார்? என் வீட்டுப் பின்வாசலைப் பார்த்து ஃபோன் பண்ணினவள்தான். பெரியத்தான் கடையில்தான் வயரும் பைப்பும் வாங்குகிறவள். அங்கே நின்று என்ன பேசினாளோ. இன்று கதவு நேரம் சொன்னவள் நாளைக்கு எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று சொல்ல மாட்டாளா? என் தங்கையின் உயிர் ஒரு ஸ்கூட்டர்க்காரியின் வாயில் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அரதப்பழசான ஒரு அலுமினியப் பூட்டு தொங்கியது. அப்போதுதான் வெளியில் இருந்து வந்தவர் பூட்டைத் திறந்து உள்ளே கூட்டிப் போனார். வீட்டில் ஒரு ஸ்மார்ட் சாமான் இல்லை. கட்டைச் சுவிட்ச், கயிறு கட்டி இழுக்கிற பாத்ரூம் லைட். தான் சமைத்ததைத் தான் சாப்பிடாத சமையல்காரரைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது.

உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டேன். என் வீட்டுக் கதவு விஷயத்தை எங்கள் பெரியத்தானிடம் நீங்கள்தானே சொன்னீர்கள்?

கோபப்படுவார், அழுவார், இல்லையென்றால் மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். என் ஃபோனை வாங்கி அடுப்படியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நல்லாக் கேட்டீங்க. எம்மேலதான் மொதல்ல சந்தேகப்படணும். நான் சொல்லல. ஆனா நான் சொல்லலன்னு நான் சொல்லுததை வச்சு நீங்க நம்பக் கூடாது. நாளைக்கு வாரேன், பாப்போம்.”

மறுநாள் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு வந்தார். வாசல் கதவைப் பூட்டி, உள் தாழ்ப்பாளையும் போட்டார். நன்றாக இழுத்துப் பார்த்தார், என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஹாலில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். நடுப்பெட்டிக்குள் இன்னொரு வாசல் கதவைச் செய்யப் போகிறேன் என்றார். மரம் கிடையாது, இரும்பு கிடையாது, பெட்டியின் கணக்கில் மட்டும் இருக்கிற கதவு. புதுச் சாமான்களைச் சோதிக்க இப்படிப் பொய்ச் சாமான்களைச் செய்து பார்ப்பது அவர்கள் தொழிலில் வழக்கமாம். அந்தப் பொய்க் கதவு இப்போது தான் திறந்துவிட்டதாகச் சொல்லும். யார் காதில் அது விழுகிறதோ அவர் அசைவார். நாம் பேசாமல் இருந்து பார்க்க வேண்டியதுதான் என்றார்.

ஒரு பொத்தானைத் தட்டினார். தாழ்ப்பாள் போட்ட கதவைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்கேயோ தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எதுவும் நடக்கவில்லை. இவள் என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைக்கத் தொடங்கினேன். அப்போது என் ஃபோன் அடித்தது. பெரியத்தான்.

“ஏம்மா, வாசக்கதவு ரொம்ப நேரமா தொறந்து கெடக்கு போலயே?”

கதவைப் பார்த்தேன். பூட்டும் தாழ்ப்பாளும் அப்படியே இருந்தன. “யாரு அத்தான் சொன்னது?” என்றேன். அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

“அந்தப் பக்கமா வந்தவன் ஒருத்தன் பாத்துட்டுச் சொன்னான்” என்றார். பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

திறக்காத கதவைத் திறந்திருந்ததாக ஒருத்தன் பார்த்தானாம். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். ஓனர் நம்பர் பெரியத்தானுடையது. ஓனர் ஃபோனில் ஆப்பை ஏற்றிவிட்டால் வீட்டில் கதவு திறப்பது, லைட் எரிவது, ஃபேன் ஓடுவது எல்லாம் அங்கே போகும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்களே வீட்டைத் தூக்கி அவர் சட்டைப் பையில் போட்டிருக்கிறோம்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இது உங்களுக்கு முதலிலேயே தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“அவருக்குப் போகும்னு தெரியும். அவரு பாக்குதாருன்னு தெரியாதுல்லா. பாக்காம எப்படி ஒரு மனுசன் மேல பழி சொல்லுதது?”

அந்தப் பதில் நியாயமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. பிறகு அவராகவே ஒன்று சொன்னார். சென்னையில் அவருடைய வீட்டில் இதே மாதிரி ஒரு பெட்டியை அவரே எழுதி, அவரே மாட்டினாராம். அவர் எத்தனை மணிக்குக் குளித்தார், எத்தனை மணிக்கு யாருக்குக் கதவைத் திறந்தார் என்று அவர் கணவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒன்றுவிடாமல் சொல்வாராம். “நானே கட்டிக் குடுத்தேன் ஏட்டி” என்றார். அதுவரை என்னை நீங்க, வாங்க என்று சொன்னவர். அந்த ஒரு தடவைதான் அப்படிக் கூப்பிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கதையை நான் நம்பினேன். ஆனாலும் இதுவும் அவர் சொன்னதுதான், நான் பார்த்தது இல்லை.

ஓனர் நம்பரை மாற்றிவிடுங்கள் என்றேன். மாற்றினால் ஓடிபி அவருக்குத்தான் போகும், ஏன் மாற்றினாய் என்று கேட்பார், அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்றார். நான் எங்கே போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியாதது எந்த வழியா வெளிய போகும்?”

அன்று அவர் செய்துகொடுத்தது என் கணவருக்குக்கூட இன்றுவரை தெரியாது. பெரியத்தானுக்கு ஒரு கதவு, எனக்கு ஒரு கதவு. மரக்கதவு திறப்பதும் மூடுவதும் என் ஃபோனுக்கு மட்டும் வரும். பெரியத்தான் ஃபோனுக்குப் போவது பொய்க் கதவு. ஒரு குடும்பப் பெண்ணின் கதவு எப்படித் திறக்க வேண்டுமோ அப்படித் திறக்கும். பால் வாங்கத் திறக்கும், ஸ்கூல் வேனுக்குத் திறக்கும், சாயங்காலம் கோலம் போடத் திறக்கும். மத்தியானம் மூடியே இருக்கும், ஆனால் ஹாலில் ஃபேன் ஓடும். தினம் ஒரே நேரத்தில் நடந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று கொஞ்சம் முன்னே பின்னே நடக்கும்படி வைத்தார். மோட்டாரும் கீசரும் உண்மையையே சொல்லட்டும், முழுவதும் பொய்யாக இருந்தால் நிற்காது என்றார். அவர் அதைச் செய்த கவனத்தைப் பார்த்தபோது எனக்கு நன்றியும் இருந்தது, ஒரு பயமும் இருந்தது. இத்தனை அழகாகப் பொய் சொல்லத் தெரிந்த பெண் என்று நினைத்தேன்.

என் தங்கைக்கு வலி வந்தது ஒரு முற்பகலில். வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தபோது பெரியத்தான் ஃபோன் வந்தது. எடுக்காமல் விட்டால் வம்பு. வாசலுக்கு வந்து, சத்தமில்லாத இடமாகப் பார்த்து எடுத்தேன். வீட்டிலா இருக்கிறாய் என்றார். ஆமா அத்தான், ஹாலில்தான் இருக்கிறேன் என்றேன்.

“ஆமா, தெரியும்” என்றார். அவ்வளவுதான். சீயக்காய் அரைத்து வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

அவருக்குத் தெரிந்தது பொய்க் கதவு சொன்னது. வராந்தாவுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குழந்தையின் அழுகை கேட்டது. பெண் பிள்ளை. கையில் வாங்கியபோது நான் முதலில் நினைத்தது என் தங்கையைக்கூட இல்லை, அந்தச் செட்டிங்ஸ் அக்காவைத்தான். அவரை அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் பிறகு குழந்தையோடு தூரத்தில் ஒரு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று எனக்குத் தெரியும், அதையும் இங்கே எழுத மாட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா வந்தார். ஸ்கூட்டரை விற்றுவிட்டாராம், ஆட்டோவில் வந்திருந்தார். கையில் ஒரு சூட்கேஸ். ஊரை விட்டுப் போகிறேன் என்றார். எங்கே என்று கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார். காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று நான் சொல்லவில்லை. குடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போகும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றார். நடுப்பெட்டியை ரிப்பேர் பார்க்க அவருக்கென்று ஒரு வழி வைத்திருந்தார், அதன் வழியாகத்தான் அவருக்கு என் பின்வாசல்கூடத் தெரிந்தது. அதை எடுத்துவிட வேண்டும். அவரே எடுத்தால் சரிப்படாது, நான்தான் எடுக்க வேண்டும். என் ஃபோனில் எங்கே போக வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னார். அவர் பெயர் இருந்த வரியை அமுக்கினேன். நீக்கப்பட்டது என்று வந்தது.

“போயிருச்சுக்கா” என்றேன்.

“அது சொல்லுச்சா, நீங்க பாத்தீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இதை எப்படிப் பார்ப்பது? அவர் வழி சொன்னார். இப்போது கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். அங்கிருந்து உங்கள் வாசல் லைட்டைப் போட என் லேப்டாப்பில் இருந்து அமுக்குகிறேன். நீங்கள் வாசலில் நின்று பாருங்கள். எரிந்தால் நான் இன்னும் உள்ளே இருக்கிறேன் என்று அர்த்தம். எரியவில்லை என்றால் போய்விட்டேன். ஆட்டோவில் ஏறினார். தெருமுனையில் திரும்பும்போது கையைக்கூட ஆட்டவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வாசல் லைட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபோன் வந்தது. பின்னால் பஸ் ஹாரனும் டிக்கெட் கூவுகிற சத்தமும் கேட்டன.

“அமுக்கிட்டேன். எரியுதா?”

“எரியல” என்றேன்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“கண்ணால பாத்துக்கிட்டுதான்க்கா இருக்கேன்.”

சரி, வாரேன் என்றார். ஃபோன் அணைந்தது. அந்த நம்பர் அதன் பிறகு வேலை செய்யவில்லை.

லைட் எரியவில்லை. அதை நான் பார்த்தேன், சத்தியம் செய்து சொல்வேன். அவர் அங்கே அமுக்கினாரா என்பதை நான் பார்க்கவில்லை.